ஆறே எபிசோடில் முடிகிற தொடர்கள்: பிரிட்டிஷ் டிவியை எங்கே தொடங்கலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்கத் தொடர்கள் நிறையப் பார்த்தாயிற்று. அடுத்து பிரிட்டிஷ் தொடர்கள் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவை மெதுவாகப் போகும், பேசுவது புரியாது, சூடு பிடிக்கும்போது ஆறு எபிசோடில் முடிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? எதில் தொடங்கலாம்?"

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஆறு எபிசோடில் முடிவதை நான் குறையாக நினைக்கவில்லை. பிரிட்டிஷ் டிவி எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான். எதில் தொடங்குவது என்பதற்கு மட்டும் உடனே பதில் வேண்டுமென்றால் 'யெஸ் மினிஸ்டர்'. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு எபிசோட் விஷயம். ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோட்தான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதிய 'தி ஆபீஸ்' 2001இல் தொடங்கி 2003இல் முடிந்தது: 12 எபிசோட், கூடவே கிறிஸ்துமஸுக்கு இரண்டு. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் 'ஃப்ளீபேக்' அதுவும் 12. இதே 'தி ஆபீஸ்' அமெரிக்காவுக்குப் போனதும் 2005 முதல் 2013 வரை 201 எபிசோட் ஓடியது. அமெரிக்கப் பெரிய சேனல்களில் நகைச்சுவைத் தொடர் என்றால் எழுத்தாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து எழுதுவார்கள். வருடத்துக்கு இருபது எபிசோடுக்கு மேல் தர வேண்டியிருக்கும். பிரிட்டனில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ முழுத் தொடரையும் எழுதுகிறார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து நன்றாக எழுதக்கூடியது வருடத்துக்கு ஆறுதான் என்றால் ஆறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதை சொல்லி முடித்தாகிவிட்டது என்று எழுதியவருக்குத் தோன்றினால் தொடரும் முடிந்தது.

இதனால் பார்ப்பவருக்குக் கிடைக்கிற லாபம் பெரியது. வாரக் கடைசியில் ஒரு முழுப் படைப்பைப் பார்த்து முடித்துவிடலாம். நடுவில் நிரப்புவதற்காக எழுதப்பட்ட எபிசோட் என்று ஒன்று அநேகமாக இருக்காது. அதோடு தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நல்ல வழியும் கிடைக்கிறது: நடிகர் யார் என்று பார்க்காமல் எழுதியவர் யார் என்று பாருங்கள். பின்னால் சொல்லப்போகிற 'ஹேப்பி வேலி'யின் எழுத்தாளர் சாலி வெயின்ரைட் எழுதியதில் ஒன்று பிடித்தால் அவர் எழுதிய மற்றதும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் சேர்த்தி. பிபிசி விளம்பரம் போடுவதில்லை. நேரலையில் டிவி பார்க்கிற, அல்லது பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு வீடும் வருடக் கட்டணம் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக இருந்தது. கட்டணம் கட்டுகிற எல்லோருக்கும் ஏதாவது தர வேண்டும் என்ற கடமை இருப்பதால், ஐம்பது லட்சம் பேர் பார்க்கிற தொடரோடு ஐந்து லட்சம் பேர் மட்டும் பார்க்கிற தொடருக்கும் இடம் கிடைக்கிறது. 1982இல் தொடங்கிய சேனல் 4 இன்னும் வித்தியாசமானது. பொதுத்துறைச் சேனல், ஆனால் வருமானம் விளம்பரத்தில் இருந்து. பிற சேனல்கள் தொடத் தயங்குவதைச் செய்ய வேண்டும் என்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. 'பிளாக் மிரர்' 2011இல் அங்கேதான் பிறந்தது. நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது பிறகு. வட அயர்லாந்துக் கலவர காலத்தின் கடைசி வருடங்களை ஐந்து பள்ளிப் பிள்ளைகளின் சேட்டையாகச் சொன்ன 'டெர்ரி கேர்ள்ஸ்' தொடரும் அங்கே வந்ததுதான்.

சரி, 'யெஸ் மினிஸ்டர்'. 1980 முதல் 1984 வரை இந்தப் பெயரில். 1986 முதல் 1988 வரை 'யெஸ், பிரைம் மினிஸ்டர்'. எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜோனதன் லின். ஜிம் ஹாக்கர் புதிதாக அமைச்சராகிறார். எந்தக் கட்சி என்று தொடர் கடைசிவரை சொல்வதே இல்லை. அவருடைய துறையின் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி. அமைச்சர் ஏதாவது செய்ய நினைப்பார். செயலாளர் மிகுந்த பணிவோடு, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஒன்றரை நிமிட வாக்கியத்தில், அதை நடக்கவிடாமல் செய்வார். இருவருக்கும் நடுவில் பெர்னார்ட் என்கிற தனிச் செயலர். சம்பளமும் பதவி உயர்வும் ஒருவர் கையில், மனசாட்சி இன்னொருவர் பக்கம்.

ஒரு எபிசோடில் புது மருத்துவமனை ஒன்று வருகிறது. கட்டி முடித்தாகிவிட்டது. நிர்வாகத்துக்கும் துணைப் பணிகளுக்குமாக ஐந்நூறு ஊழியர்கள் மும்முரமாக வேலை செய்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. நோயாளி இல்லாத மருத்துவமனையில் ஐந்நூறு பேருக்கு என்ன வேலை என்று அமைச்சர் கேட்க, ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு அவசியம் என்று பொறுமையாக விளக்கம் வருகிறது. அந்த விளக்கத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்துப் படி ஏறி இறங்கிய யாருக்கும் இந்தத் தொடருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. அமைச்சர், செயலாளர், கோப்பு, குறிப்பு, மேலொப்பம் என்ற நம்முடைய அமைப்பே லண்டனில் இருந்து வந்ததுதானே. அதனால்தான் இது இந்தியில் 'ஜி மந்திரிஜி' என்று ஃபாரூக் ஷேக் நடிக்க மறு ஆக்கம் செய்யப்பட்டபோது கதையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மார்கரெட் தாட்சர் இதன் பெரிய ரசிகை. அவரையும் அவரை எதிர்த்தவர்களையும் ஒரே தொடர் சிரிக்க வைத்தது என்பதே அதை எழுதியவர்களின் நேர்மைக்குச் சான்று என்று நினைக்கிறேன்.

இதில் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹம்ஃப்ரியாக நடிக்கும் நைஜல் ஹாதோர்ன், ஹாக்கராக நடிக்கும் பால் எடிங்டன் இருவருடைய உச்சரிப்பும் பளிச்சென்று இருக்கும். நாம் பள்ளியில் படித்த ஆங்கிலத்துக்கு மிக நெருக்கமானது அது. காது பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

'தி ஆபீஸ்' மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அமெரிக்க வடிவத்தைப் பார்த்துச் சிரித்த பழக்கத்தில் இதைத் தொட்டால் அதிர்ச்சியாக இருக்கும். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்கிற ஊரில் ஒரு காகித நிறுவனக் கிளை. மேலாளர் டேவிட் பிரென்ட் தன்னைப் பெரிய நகைச்சுவையாளர் என்று நம்புகிறவர். அமெரிக்க மேலாளரிடம் அடியில் ஓர் அன்பு தெரியும். பிரென்ட்டிடம் அந்த ஆறுதல் எளிதில் கிடைக்காது. இவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் செய்கிறார்கள். நாற்பது வயதுக்குள் கனவுகளை மூட்டை கட்டி வைத்தவர்கள். சிரிப்பு வருகிற அதே இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் தோன்றும். என் கணிப்பில் இரண்டில் இதுதான் பெரிய படைப்பு. கிறிஸ்துமஸ் எபிசோடுகள் வரை பொறுமையாகப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

பிரிட்டிஷ் நகைச்சுவையின் நடுவில் பெரும்பாலும் ஒரு தோற்றுப்போன மனிதர் நிற்கிறார். டார்கீ என்ற கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்தும் பேசில் ஃபால்ட்டி, தன் விருந்தினர்களை வெறுக்கிற முதலாளி. மேல்தட்டோடு சேர ஆசை. அதற்குரிய பணமும் இல்லை, பண்பும் இல்லை. 'ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில் தென் லண்டன் பெக்கம் பகுதியின் டெல் பாய் 'அடுத்த வருடம் நாம் கோடீஸ்வரர்கள்' என்று சொல்லிக்கொண்டே போலிச் சரக்கு விற்கிறார். அதன் 1996 கிறிஸ்துமஸ் எபிசோடை 2.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போதைய பிரிட்டன் மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு அது. ரோவன் அட்கின்சனை மிஸ்டர் பீனாக மட்டும் தெரிந்தவர்கள் 'பிளாக்ஆடர்' பார்க்க வேண்டும். அதில் அவர் பேசுகிறார், அதுவும் சவரக் கத்தி போல. நான்காவது சீசன் முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் நடக்கிறது. 1989 நவம்பரில் ஒளிபரப்பான அதன் கடைசி எபிசோட், நகைச்சுவைத் தொடர் இந்த அளவுக்குத் துணியலாமா என்று வியக்க வைக்கும். முடிவை யாரிடமும் கேட்காமல் பாருங்கள்.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு தலைமுறைக்கு பிரிட்டிஷ் டிவி என்றாலே அதுதான். 1977இல் ஐடிவி என்ற தனியார் சேனலில் வந்தது. லண்டனில் மாலை நேர ஆங்கில வகுப்பு, உலகின் பல மூலைகளில் இருந்து மாணவர்கள், பொறுமைசாலி வாத்தியார் மிஸ்டர் பிரவுன். பஞ்சாபி சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இன்றும் அதன் சில காட்சிகளுக்கு நான் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு மாணவரும் அவர் நாட்டைப் பற்றிய ஒற்றைக் கேலியாகவே இருக்கிறார்; அதற்கு மேல் மனிதராக வளர விடுவதே இல்லை. அந்தக் காரணத்துக்காகவே தயாரித்த நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட் அதை 1979இல் நிறுத்தினார். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கான பதில் சுமார் இருபது ஆண்டு கழித்து பிபிசியில் வந்தது. 1998இல் டிவிக்கு வந்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ' தொடரை சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால் போன்ற தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள் தாங்களே எழுதி நடித்தார்கள். அதன் மிகப் புகழ்பெற்ற காட்சியில் பம்பாய் இளைஞர்கள் கூட்டம் ஒன்று இரவில் ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், சர்வரைப் பெயர் குதறிக் கூப்பிட்டு, 'மெனுவில் இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாத ஐட்டம் எது?' என்று சவால் விடும். வெள்ளிக்கிழமை இரவில் குடித்துவிட்டு இந்திய உணவகத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களின் நடத்தை அப்படியே திருப்பிக் காட்டப்படுகிறது. அப்புறம் ரொமேஷ் ரங்கநாதன். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். தெற்கு இங்கிலாந்தின் க்ராலியில் வளர்ந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்தவர். 2015இல் வந்த 'ஏசியன் ப்ரொவோகட்டர்' தொடரில் தன் பெற்றோரின் நாட்டைத் தெரிந்துகொள்ள இலங்கைக்குப் போகிறார். தமிழ் தெரியாத பிள்ளை, விடாத உறவினர்கள், எல்லோரையும் மிஞ்சுகிற அம்மா. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் எதிலும் இந்தக் காட்சிகளில் பாதி நடந்திருக்கும். ரஞ்சித் சிங்கையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த நாற்பது ஆண்டுகளில் எது மாறியது என்று கண்ணெதிரே தெரியும்.

இப்போது 'மெதுவாகப் போகும்' என்ற புகாருக்கு வருகிறேன். இது பெரும்பாலும் அங்குள்ள குற்றத் தொடர்களைப் பற்றிய புகார். அதற்கு எளிமையான காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் சாதாரணப் போலீசார் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. துப்பாக்கிச் சண்டையில் கதையை முடிக்க வழியில்லை என்பதால் எழுதுபவர் எல்லாவற்றையும் பேச்சில் முடிக்க வேண்டியிருக்கிறது. 1991இல் ஹெலன் மிரன் நடித்த 'பிரைம் சஸ்பெக்ட்' தொடங்கி இந்தத் தொடர்களின் உச்சக்கட்டம் விசாரணை அறையில்தான் நடக்கிறது. ஜெட் மெர்க்குரியோவின் 'லைன் ஆஃப் டியூட்டி'யில் ஊழல் போலீசாரை விசாரிக்கும் பிரிவு, மேசை, ஒலிப்பதிவுக் கருவி எழுப்பும் நீண்ட ஓசை, அதன் பிறகு இருபது நிமிடத்துக்கு வெறும் கேள்வியும் பதிலும். கார் துரத்தலில் கிடைக்காத படபடப்பு அந்த மேசையில் கிடைக்கும். அதன் ஆறாவது சீசனின் முடிவு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று சீசன்கள் அபாரம்.

ஒரே ஒரு குற்றத் தொடர் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 'ஹேப்பி வேலி'. சாலி வெயின்ரைட் எழுதியது, சாரா லங்காஷர் நடித்தது. வட இங்கிலாந்தில் மேற்கு யார்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கு: மூடிக்கிடக்கும் ஆலைகள், செங்குத்தான தெருக்கள், போதைப்பொருள். கேத்தரின் கேவுட் ஐம்பதை நெருங்கும் போலீஸ் சார்ஜன்ட். மகளை இழந்தவர். பேரனை வளர்க்கிறார். போதையில் இருந்து மீண்டுவந்த தங்கை கூடவே இருக்கிறார். முதல் காட்சியிலேயே, தன்மேல் தீ வைத்துக்கொள்ளப்போவதாக மிரட்டும் ஒரு பையனிடம் பேச்சுக் கொடுப்பதற்காகத் தன் வாழ்க்கை முழுவதையும் நான்கு வரியில் சொல்லிவிடுகிறார். கதாநாயகியை அறிமுகப்படுத்த இதைவிடச் சிக்கனமான காட்சியை நான் பார்த்ததில்லை.

முதல் சீசன் 2014, இரண்டாவது 2016. மூன்றாவது 2023இல்தான் வந்தது. பேரனாக நடித்த சிறுவன் நிஜமாகவே வளர்ந்து, தன் அப்பாவோடு உறவு வேண்டுமா என்று தானே முடிவெடுக்கும் வயதுக்கு வர வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் காத்திருந்தார். வேறு பையனைப் போட்டு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. 18 எபிசோடோடு முடித்தும்விட்டார்கள். கடைசி மோதல்கூட ஒரு வீட்டுச் சமையலறையில், பெரும்பாலும் பேச்சாகவே நடக்கிறது. ஊரே கதையாக இருப்பது இந்தத் தொடரில் நன்றாகத் தெரியும். டார்செட் கடற்கரையில் எடுத்த 'பிராட்சர்ச்' தொடரின் முதல் சீசனும் அப்படித்தான்: ஒரு சிறுவனின் மரணம் ஒரு சிற்றூரில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் எப்படித் தட்டுகிறது என்று எட்டு எபிசோடில் சொல்கிறது. அதன் இரண்டாவது சீசனை நீங்கள் தவறவிட்டால் இழப்பில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் வந்த 'ஷெர்லாக்' முதல் இரண்டு சீசன்கள் துள்ளலாக இருக்கும். பிறகு தன் சாமர்த்தியத்தைத் தானே ரசிக்கத் தொடங்கிவிடுகிறது. மூலக் கதைகளின் வாசம் வேண்டுமென்றால் 1984 முதல் 1994 வரை கிரனாடா நிறுவனம் தயாரிக்க ஜெரெமி பிரெட் நடித்த 41 எபிசோடுகள்தான். அகதா கிறிஸ்டியின் பொவாரோவாக டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை 70 எபிசோட் நடித்து முடித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு பார்க்க ஏற்றது.

இவ்வளவு சொன்னாலும், பிரிட்டிஷ் டிவியால் என்ன செய்ய முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் காட்டுவது 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நான்கு எபிசோடுகளை. 2024 ஜனவரி முதல் நான்கு நாட்கள் ஐடிவியில் வந்தது. நிஜமாக நடந்த கதை. 1999இல் பிரிட்டன் அஞ்சல் துறை, ஊர்களில் சிறு தபால் கிளைகள் நடத்துகிறவர்களுக்கு ஹொரைசன் என்ற புதுக் கணக்கு மென்பொருளைக் கொடுத்தது. மென்பொருளில் பிழை. கணக்கில் இல்லாத பற்றாக்குறை காட்டியது. பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று கிளை நடத்துகிறவர்கள் மேல் வழக்கு. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. உதவி எண்ணுக்குப் போன் செய்த ஒவ்வொருவரிடமும், 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது, வேறு யாரும் புகார் சொல்லவில்லை' என்றார்கள். தொடரில் ஒரு காட்சி: மோனிகா டோலன் நடிக்கும் பாத்திரம் உதவி எண்ணில் பேசிக்கொண்டே அவர்கள் சொன்ன பொத்தானை அழுத்துகிறது. கண்ணெதிரே பற்றாக்குறை இரண்டு மடங்காகிறது.

வேல்ஸில் லாண்டட்னோ என்ற ஊரில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ் தன் ஒப்பந்தத்தை 2003இல் இழந்தார். மற்றவர்களைத் தேடிப் பிடித்து, 555 பேராகச் சேர்ந்து, உயர்நீதிமன்றம் வரை போனார். 2019இல் மென்பொருளில் பிழை உண்டு என்று தீர்ப்பும் வந்துவிட்டது. பத்திரிகையாளர்கள் பல வருடம் எழுதியிருந்தார்கள். பொது விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் பெரும்பாலானோரின் தண்டனை ரத்தாகவில்லை. டோபி ஜோன்ஸ் பேட்ஸாக நடித்த இந்தத் தொடர் ஒளிபரப்பான சில நாட்களிலேயே நாடு கொதித்தது. அஞ்சல் துறையின் முன்னாள் தலைமை அதிகாரி தன் அரச விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். தொடர் முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரதமர் புதுச் சட்டம் கொண்டுவருவதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே ஆண்டு மே மாதம் அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது.

செய்தியால் நடக்காதது நாடகத்தால் எப்படி நடந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். செய்தியில் அது மென்பொருள், ஒப்பந்தம், மேல்முறையீடு. தொடரில் அது கடைக் கல்லாவுக்குப் பின்னால் ராத்திரி பதினொரு மணிக்குக் காசை மறுபடி மறுபடி எண்ணுகிற பெண். எழுத்தாளர் குவினெத் ஹியூஸ் வில்லனைத் தேடி ஓடாமல் அந்தக் கல்லாவிலேயே நின்றார். இதற்கு அங்கே ஒரு மரபும் இருக்கிறது. 1966 நவம்பரில் பிபிசியில் கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்', வீடிழந்து பிள்ளைகளையும் இழக்கும் ஒரு பெண்ணின் கதை. சுமார் 1.2 கோடிப் பேர் பார்த்தார்கள். வீடற்றோருக்கான ஷெல்டர் அமைப்பு அடுத்த மாதமே தொடங்கியபோது மக்களின் ஆதரவு தயாராக இருந்தது. 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடலசன்ஸ்' தொடரையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்: நான்கு எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையன் மேல் கொலைக் குற்றச்சாட்டு. மகன் இருக்கிற எந்தப் பெற்றோரும் அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு எளிதில் தூங்க முடியாது.

அரண்மனைத் தொடர்கள் எனக்கு அவ்வளவு ஒட்டுவதில்லை. 'டவுன்டன் அபே'யின் முதல் சீசன் அழகு. பிறகு நல்ல மனதுள்ள எஜமானர்கள், நன்றியுள்ள வேலைக்காரர்கள் என்ற சித்திரம் சலித்துவிட்டது. நம் மண்ணை வெள்ளைக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் 1984இல் வந்த 'தி ஜூவல் இன் தி கிரவுன்' 14 எபிசோடையும் பார்க்கலாம். ஆட்சியின் கடைசி வருடங்களில் அதை நடத்தியவர்களின் பயத்தையும் கொடுமையையும் அது மறைக்கவில்லை.

காலத்தில் பயணம் செய்யும் ஒருவரின் கதையான 'டாக்டர் ஹூ' பற்றி விரிவாக எழுதினால் இந்தப் பதில் முடியாது. 1963 நவம்பர் 23இல் வந்த அதன் முதல் எபிசோடை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். கதாநாயகனாக நடித்தவரின் உடல்நிலை சரியில்லாமல் போனதும், பாத்திரமே உடல் மாறிப் புது மனிதராகும் என்று 1966இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு யோசனைதான் தொடரை அறுபது ஆண்டு தாண்ட வைத்தது. பழையதைத் தேடி அலையாமல் 2005 சீசனில் தொடங்குங்கள். ருசி பார்க்க மட்டும் என்றால் 2007இன் 'பிளிங்க்' என்ற ஒற்றை எபிசோட் போதும். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம்.

உண்மையில் நீங்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் டிவி பார்த்திருக்கிறீர்கள். 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று சூர்யா நடத்தியது 1998இல் ஐடிவியில் பிறந்த வினாடி வினா. அதை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவன் நைட்தான் பின்னாளில் 'பீக்கி பிளைண்டர்ஸ்' எழுதினார். விஜய் சேதுபதி நடத்திய தமிழ் 'மாஸ்டர்செஃப்'புக்கும் மூலம் 1990இன் பிபிசி நிகழ்ச்சி. போட்டி நிகழ்ச்சிகளில் என் முழு அன்பும் 'பிரிட்டிஷ் பேக் ஆஃப்' மேல்தான். கூடாரத்தில் கேக் செய்கிறார்கள், ஜெயித்தால் பரிசு ஒரு கேக் தாங்கி, பணமே கிடையாது. பக்கத்து மேசைக்காரரின் கேக் சரிந்தால் தன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கிறார்கள். நகைச்சுவையாளர்களுக்கு அபத்தமான வேலைகள் கொடுத்துப் போட்டி நடத்தும் 'டாஸ்க்மாஸ்டர்' தொடரின் பல எபிசோடுகள் அவர்களுடைய யூடியூப் சேனலிலேயே இருக்கின்றன. முதல் சீசனில் ரொமேஷ் ரங்கநாதனும் உண்டு.

கடைசியாகப் பேச்சு புரியாத பிரச்சினை. அது உங்கள் ஆங்கிலத்தின் குறையே இல்லை. யார்க்ஷயர், கிளாஸ்கோ, லிவர்பூல், பெல்ஃபாஸ்ட் என்று ஊருக்கு ஊர் பேச்சு அடியோடு மாறும். லண்டன்காரர்களே சப்டைட்டில் போட்டுத்தான் சிலவற்றைப் பார்க்கிறார்கள். ஆங்கில சப்டைட்டிலைத் தயங்காமல் போடுங்கள். 'யெஸ் மினிஸ்டர்' ஒரு சீசன், அடுத்து 'பிராட்சர்ச்' முதல் சீசன், அப்புறம் 'ஹேப்பி வேலி' என்று போனால் மூன்றாவதுக்கு வரும்போது காது பழகியிருக்கும். 'டெர்ரி கேர்ள்ஸ்' அதற்குப் பிறகு. அந்தப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பேசுவார்கள்.

வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் கூட உட்காருவார்கள் என்றால் டேவிட் அட்டன்பரோவின் இயற்கைத் தொடர்கள். 1979இன் 'லைஃப் ஆன் எர்த்' முதல் 2017இன் 'புளூ பிளானட் 2' வரை எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கும் அதில் எதுவும் விட்டுப்போகாது. குற்றத் தொடர்களை மட்டும் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான காட்சிகள் உள்ளவற்றை பிரிட்டிஷ் சேனல்களே இரவு ஒன்பது மணிக்கு முன்னால் போடுவதில்லை.